நாலாம் நம்பர் அக்காவும் இரண்டு நத்தைகளும்

டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் பெயர் போய்விடும். கட்டில் நம்பர்தான் மிஞ்சும். என் அண்ணன் மூன்று. பக்கத்துக் கட்டிலில் படுக்கிற அந்த அக்கா நாலு. "நாலு வந்தாச்சா?" என்றுதான் சிஸ்டர்கள் கேட்பார்கள். என் போனிலும் "நாலாம் நம்பர் அக்கா" என்றுதான் போட்டு வைத்திருந்தேன். இன்னும் அழிக்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்கு அண்ணனை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கீழே ஹாலில் உட்கார்ந்தால் பதினொன்றரை வரைக்கும் அங்கேதான். கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. வாரத்தில் மூன்று நாள் அது மதியத்துக்கு மேல்தான் திறக்கும். முதல் இரண்டு மாதம் ஹாலில் எல்லாரும் எல்லாரிடமும் பேசுவோம். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. டிவி ஓடும். யாரும் பார்க்க மாட்டோம்.

அந்த அக்காவோடு யாரும் வரமாட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வரும், தனியாகப் போகும். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். பௌர்ணமி அன்றைக்கு பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிலோமீட்டர், கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து வரும். ஏன் அக்கா, ஆட்டோ பிடிச்சு வரக்கூடாதா என்றால், "எந்த ஆட்டோ உள்ள வருது? நீ பாத்தியா?" என்று கேட்கும்.

"நீ பாத்தியா?" அந்த அக்காவிடம் எதைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். ஹாலில் ஒருத்தர், சென்னையில் ஏதோ மூலிகைக் கஷாயம் கொடுத்து மூணே மாசத்தில் டயாலிசிஸை நிறுத்திவிட்டார்களாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்து கேட்டோம். அக்கா மாடிப்படியில் கால் வைக்கப் போனது, திரும்பிப் பார்த்து, "அப்பிடி நின்னுபோன ஆள நீங்க பாத்தீங்களா?" என்றது. அவர் பார்க்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருக்குக் கோபம். எனக்கும்தான். ஒரு பத்து நிமிஷமாவது நம்பிக்கொண்டிருந்திருக்கலாம்.

நத்தை விஷயம் எனக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை. மாடியில் சிஸ்டர் கத்துகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. "இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்னு தெரியாதா உங்களுக்கு? எடுத்துட்டுப் போங்க முதல்ல!" அக்கா இறங்கி வந்தது. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. மூடியில் சூடு பண்ணிய ஊசியால் ஓட்டைகள். நேராக என்னிடம் வந்து, "தம்பி, இத கொஞ்சம் மடியில வச்சிக்க. வெயில் படக் கூடாது. ஏசி காத்தும் நேரா படக் கூடாது" என்று நீட்டியது. நான் என்னவென்று கேட்பதற்குள் மாடி ஏறிவிட்டது.

திறந்து பார்த்தேன். ஈர மண். ஒரு துண்டு வெள்ளரிக்காய். என் உள்ளங்கை அளவுக்கு ஒரு நத்தை, அதில் பாதியாக இன்னொன்று. பழுப்பு ஓட்டில் கருங்கோடுகள். எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் தோட்டம் தோட்டமாக ஏறித் தின்கிற அதே நத்தைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போனார்.

பதினொன்றரைக்கு அக்கா வந்தது. கையில் கட்டு. முகம் வெளுத்திருந்தது. "என்ன பண்ணுச்சு?" என்றது.

"நல்லா இருந்துச்சுக்கா."

"நல்லா இருந்துச்சுன்னா? கொம்ப வெளிய உட்டுச்சா?"

"உட்டுச்சு."

"எத்தினி?"

எனக்குத் தெரியவில்லை. ரெண்டு என்றேன்.

"நாலு. மேல ரெண்டு நீளம், நுனியில கண்ணு. கீழ ரெண்டு குட்டை, அது தடவிப் பாக்கறதுக்கும் மோப்பத்துக்கும். நாலு மணி நேரம் மடியில வச்சிருந்து கொம்பு எத்தினின்னு பாக்கலியா நீ?" டப்பாவை வாங்கிக்கொண்டு, "போயி சோப்புப் போட்டுக் கைய கழுவு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது.

இனிமேல் வாங்கக் கூடாது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வாங்கினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஷிப்டுக்கும் அந்த டப்பா என் மடியில்தான்.

வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். மாமியார் உப்பைப் போட்டுவிடுவார்களாம். முன்பு மூன்று இருந்தனவாம். அக்காவும் அப்படிச் செய்த ஆள்தான். மழை மாதத்தில் கத்தரிச் செடியிலிருந்து குடம் குடமாகப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் கொட்டியிருக்கிறது. கிட்னி போன பிறகு ஒருநாள் உப்பை அள்ளிக்கொண்டு போய், முதல் நத்தை மேலே போட்டதும் அது நுரைத்துச் சுருங்குவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறது. முழுசாகப் பார்த்தேன் என்றது. அன்றைக்கு மிச்சமிருந்த மூன்றை எடுத்து வைத்துக்கொண்டதாம்.

"உப்பு எனக்கும் ஆவாது, அதுக்கும் ஆவாது" என்றது.

ஒரு நாளைக்கு அக்காவுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். சின்ன பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கும். இன்னொரு பாட்டில் நத்தைக்கு, தலைக்குத் தண்ணீர் தெளிக்கிற முடிவெட்டுக் கடை பாட்டில். நாக்கு வறண்டு வாய் ஒட்டிக்கொண்டு பேசும்போதுகூட மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தெளிக்கும். மேலே துளி பட்டதும் பெரியது சாவகாசமாக வெளியே வந்து கழுத்தை நீட்டும். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வேறு வேலை இல்லாததால் நானும் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால்தான் தெரிகிறது, அதுகளுக்கு எத்தனை பிடிவாதம் என்று. பெரியது வெள்ளரிக்காயைத் தோலோடு வைத்தால் தொடாது, சீவி வைத்தால் தின்னும். சின்னது தோலை மட்டும் தின்னும். முட்டை ஓட்டைப் பொடித்து வைத்தால் இரண்டும் சண்டை போடாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று தின்னும். ஓடு கெட்டியாவதற்கு அது வேண்டுமாம். டப்பாவைக் காதோரம் வைத்துக்கொண்டால் கரகரவென்று மெல்லிய சத்தம் கேட்கும். நாக்கே அரம் மாதிரி. கேரட் தின்றால் கழிவு ஆரஞ்சு நிறம், வெள்ளரி தின்றால் பச்சை. அதுவும் கழுத்துக்குப் பக்கத்தில், ஓட்டின் விளிம்பில், மூச்சு விடுகிற ஓட்டைக்கு அருகிலிருந்து வரும். இதை நானாகக் கண்டுபிடித்து அக்காவிடம் சொன்னபோது, "ம், இப்பதான் பாக்கற" என்றது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பெரியது காகிதம் கிடைத்தால் விடாது. ஒருநாள் வெளியே விட்டு கொஞ்சம் நடக்கவைக்கலாம் என்று அண்ணனின் ஃபைலை மடியில் விரித்து அதன்மேல் வைத்தேன். அசந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்துப் பார்த்தால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வலதுபக்கம் ஒரு பிறை அளவுக்குக் காணோம். கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவு இருந்த இடம். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல எடமா பாத்துதான் தின்னிருக்கு" என்றது. அன்றைக்குத்தான் அந்த அக்கா சிரித்து முதல்முறை பார்த்தேன். அண்ணனும் சிரித்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

ஐப்பசி மழையில் பெரியது மண்ணுக்குள் முட்டையிட்டது. ஜவ்வரிசி மாதிரி, மஞ்சள் கலந்த வெள்ளையில் நூறுக்கு மேல் இருக்கும். இதில் ஆண் பெண் இல்லை, எது வேண்டுமானாலும் முட்டை வைக்கும் என்று அக்கா சொன்னது. எனக்கு ஒரே பரபரப்பு. டப்பாவைத் தூக்கி ஹாலில் எல்லாருக்கும் காட்டினேன். அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, வாசல் படியில் உட்கார்ந்து, முட்டைகளை ஒரு ஸ்பூனால் தோண்டி எடுத்து ஒரு பேப்பரில் கொட்டி, செருப்பால் தேய்த்தது. பொடக் பொடக் என்று சத்தம். ஒன்றுகூட மிஞ்சவில்லையா என்று பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது.

"அக்கா, என்னக்கா இது!"

"நூறு வெளிய போச்சுன்னா எங்க ஊர்ல ஒரு கத்தரிச் செடி மிஞ்சாது. இதுங்க ரெண்டயும் நான் பாத்துக்குவேன். நூறையும் யார் பாக்கறது, நீயா?"

அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு சரியில்லை. இந்த அக்காவிடம் பாசம் இருக்கிறதா, இல்லை வெறும் கணக்கான பார்வைதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பார்வை என் அண்ணன் மேலேயும் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் மாஸ்டராக இருந்தவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரர்களுக்குக் காரம் கம்மியாகவும் நம்மவர்களுக்கு ஜாஸ்தியாகவும் ஒரே குழம்பை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்தவன். இப்போது உப்பில்லாத சோற்றைத் தட்டில் தள்ளிக்கொண்டிருப்பான். எப்படி இருக்கு என்றால் "நல்லா இருக்கு" என்பான். நானும் சரி என்று விட்டுவிடுவேன். மாடியில் என்ன நடந்தது என்று அந்த அக்காதான் சொல்லும். நான் நத்தையைப் பற்றிச் சொல்ல, அது அண்ணனைப் பற்றிச் சொல்லும்.

"ரெண்டு வாட்டி பிரஷர் எறங்கிடுச்சு. கால்ல கொரக்களி புடிச்சு கத்தினாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கினு அழுதாரு."

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "கொஞ்சம் நல்லவிதமா சொல்லக் கூடாதாக்கா? எனக்கும் அலுப்பா இருக்குது. காலையில நாலு மணிக்கு எழுந்து..."

"நல்லவிதமா சொல்றதுக்குதான் ஊரே இருக்குதே. பாத்தத வேற யாரு உனக்குச் சொல்லுவா?" குரல் உயரவில்லை. டப்பாவை வாங்கி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு போனது. அடுத்த இரண்டு ஷிப்ட் நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பா மட்டும் கைமாறியது.

பங்குனி வெயில் ஆரம்பித்ததும் சின்ன நத்தை உள்ளே போய் வாயில் ஒரு வெள்ளைத் தோலை மூடிக்கொண்டது. காய்ந்த பசை மாதிரி. தண்ணீர் தெளித்தாலும் வரவில்லை. வாரம் இரண்டு ஆயிற்று. செத்துப்போச்சு என்று நான் சொன்னேன்.

"மோந்து பாத்தியா?"

"இல்ல."

"செத்துச்சுன்னா ரெண்டே நாள்ல ஹால்ல ஒருத்தர் உக்கார முடியாது. அவ்ளோ நாறும். நாறல. தூங்குது. வெயில் ஜாஸ்தின்னா அப்பிடித்தான் மூடிக்கும். எழுப்பாத." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தெரியாது என்றது. அந்த அக்காவிடம் தெரியாது என்ற வார்த்தை லேசாக வரும்.

அந்த வெயிலில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, கையில் கட்டோடு இறங்கி வந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. வழக்கமாக உட்காராது, பஸ்ஸுக்கு ஓடும். "தம்பி, உங்கண்ணன் வர்ற வாரத்திலேர்ந்து வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாரு. நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடியே கெளம்பி வேற எங்கயாச்சும் போயிடுவாராம். தம்பிகிட்ட சொல்லாதீங்கன்னாரு. நான் சரின்னு சொல்லல."

டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்று எங்கள் ஹாலில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவனிடம் கேட்டேன். அந்தம்மா ஏன் சொல்லுச்சு என்று முதலில் கோபப்பட்டான். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கு சலிச்சுப்போச்சுடா."

தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்கும் சலிச்சுப்போச்சு" என்று வந்துவிட்டது. எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அண்ணன் என்னையே பார்த்தான். "உனக்குமாடா?" என்றான். ஆமாம் என்றேன். கடை, காலை, ஹாலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிப்பது, அவன் மேல் எரிச்சல் வருவது, எரிச்சல் வந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வருவது எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் சொன்னான். ஊசி, தாகம், குழம்பின் வாசனை, என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருகிற குற்ற உணர்ச்சி. சாயங்காலம் வரைக்கும் பேசினோம். சின்ன வயசிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசினதில்லை. முடிவாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவனே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

ஆனியில் முதல் மழை பெய்த அன்றைக்குச் சின்ன நத்தை தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அக்கா டப்பாவைத் திறந்து என்னிடம் காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

ஆவணியில் அக்கா வருவது நின்றது. ஒரு ஷிப்ட், இரண்டு, மூன்று. போன் போட்டால் எடுக்கவில்லை. சிஸ்டரிடம் கேட்டேன். வேற சென்டருக்கு மாறியிருப்பாங்க என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. ஆஸ்பத்திரிக்குப் போற அக்கா வீடு என்றதும் காட்டினார்கள்.

கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. முகம் ஊதி, கண் இடுங்கி, கால் இரண்டும் தூண் மாதிரி. மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. கையில் போட்டிருந்த ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம், மூன்றாவது முறை. இனி கழுத்தில் போடணும், வேலூர் போகணும் என்றார்களாம். வேணாம்னு சொல்லிட்டேன் என்றது. வீட்டுக்காரரும் மாமியாரும் எத்தனையோ கெஞ்சியிருக்கிறார்கள். மாமியார் மூலையில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் வரமாட்டேன்னு சொன்னப்ப எங்கிட்ட வந்து சொன்னீங்களே. உங்கள யாருக்கா கேக்கறது?"

"நான் ஒளிச்சு வைக்கலியே. எல்லாரையும் உக்காரவச்சு சொல்லிட்டுதான் நிறுத்தினேன்." மூச்சு வாங்கிக்கொண்டது. "உங்கண்ணன் எப்பிடி இருக்காரு?"

சொன்னேன். எடை ஒன்றரை கிலோ ஏறியது, பிரஷர் இறங்காமல் இருப்பது, சாப்பாட்டில் பாதி மிச்சம் வைப்பது என்று பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டது. பிறகு டப்பாவைக் காட்டி, "இத நீ எடுத்துக்கினு போறியா?" என்றது.

முடியாது என்றேன். "அண்ணனப் பாக்கறதே எனக்குப் போதும்போதும்னு இருக்குதுக்கா. இன்னும் ரெண்டு உசுர என்னால முடியாது." சொல்லி முடிக்கும்போதே வெட்கமாக இருந்தது. அக்கா கோபப்படவில்லை. முடியாதுன்னா முடியாதுதான் என்றது.

கிளம்பும்போது கேட்டது. "நான் எப்பிடி இருக்கேன்? பாத்துச் சொல்லு. இவங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

பார்த்தேன். எல்லாம் தெரிந்தது.

"நல்லாத்தாங்கா இருக்கீங்க" என்றேன்.

நல்லான்னா எப்படி என்று கேட்கும் என்று நின்றேன். கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, பஸ்ஸுக்கு நேரமாவுது, போ" என்றது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அதன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். நான் ஹாலில் இருந்தேன். பகலிலேயே எடுத்துவிடுவார்கள் என்றார். அண்ணன் அப்போதுதான் மாடியில் படுத்திருந்தான். ஷிப்ட் முடிந்தால் அவனால் தனியாக வீடு போய்ச் சேர முடியாது. என்னால் போக முடியவில்லை.

அவனிடம் மதியம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டான். சனிக்கிழமை காலையில் பார்த்தால் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "வா, போயிட்டு வரலாம்." ஒன்றரை வருடத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர அவன் எங்கேயும் போனதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பச்சை கட்டின நெல் வயலும் வேர்க்கடலைக் கொல்லையுமாகப் போகப்போக, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். கட்டிலுக்கடியில் அந்த டப்பா. மண் காய்ந்திருந்தது. பெரியது ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தது. சின்னது மறுபடியும் வெள்ளைத் தோலை மூடிக்கொண்டிருந்தது. "எனக்கு இதுல தல எது வாலு எதுன்னுகூட தெரியாது. என்ன பண்றதுன்னு தெரியல" என்றார் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது முறை முடியாது என்று சொல்லவும் தெம்பு இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

அண்ணன் குனிந்து டப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். கேட்காமல் செய்தான். ஊசி குத்தாத கையால் மூடியைத் திறந்து பார்த்தான்.

மாமியார் டீ கொண்டுவந்தார். அண்ணனின் கணக்கில் அன்றைக்கு அரை டம்ளருக்குமேல் இடமில்லை. பாதி குடித்தான். டம்ளரை என்னிடம் நீட்டி, "மீதி நீ குடிடா" என்றான். வாங்கிக் குடித்தேன். நன்றாக ஆறியிருந்தது.

"இதுக்கு வெள்ளரிக்காய் யாருண்ணா நறுக்கறது?" என்றேன் பஸ்ஸில்.

"இருவது வருஷம் மாஸ்டரா இருந்தவன்கிட்ட கேக்கற கேள்வியாடா இது?" என்றான். சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனான். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் டப்பா நழுவாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தேன்.